குப்பையை யார் கணக்கில் எழுதுவது?

வணிகவியல் பயின்ற எவருக்கும் முதலில் கற்பிக்கப்படுவது இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் வரவு வைத்தால் மற்றொரு கணக்கில் பற்று எழுதியே ஆக வேண்டும். குப்பையைப் பொறுத்தவரை நம் நகரங்கள் நெடுங்காலம் இவ்விதியைக் கைக்கொள்ளவில்லை. வீட்டு வாசலிலிருந்து குப்பை அகன்றது, தெரு தூய்மையாயிற்று, நகரின் கணக்கு நேராயிற்று என்று இருந்துவிட்டோம். லாரி போய்ச் சேர்ந்த ஊரின் பேரேட்டில் என்ன எழுதப்பட்டது என்பதை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. கிணற்று நீர் நிறம் மாறுவது, கோடைதோறும் புகை சூழ்வது, ஈக்கள் மொய்ப்பது, நிலத்தை வாங்க ஆள் வராமற்போவது ஆகியவை குப்பைக் கிடங்குகளை அடுத்து வாழ்வோர் நாடெங்கும் கூறிவரும் குறைகள். நகரம் செலவழிக்காமல் மிச்சப்படுத்திய தொகை முழுவதும் அவர்கள் பெயரில் பற்றாக ஏறிக்கொண்டிருந்தது.

இக்கணக்கை ஒரு சிற்றூர் ஒருநாள் திருப்பி அனுப்பியது. கேரளத்தின் ஆலப்புழை நகரக் குப்பை, அண்டையிலுள்ள மாராரிக்குளம் தெற்கு ஊராட்சிக்கு உட்பட்ட சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. பல்லாண்டுகள் பொறுத்த அவ்வூர் மக்கள் 2012ஆம் ஆண்டில் லாரிகளை மறித்து நின்றனர். நகராட்சிக்கு வேறு நிலமில்லை. ஒருபுறம் கடலும் மறுபுறம் காயலுமாக நீரால் சூழப்பட்ட நகரம் அது. ஆழத் தோண்டிப் புதைப்பதற்கும் நிலத்தடி நீர்மட்டம் இடந்தராது. சில நாள்களிலேயே தெருமுனைகளில் குப்பை குவிந்தது. சுற்றுலாப் பயணியர் படம் எடுத்துச் செல்லும் கால்வாய்களில் நெகிழிப் பைகள் மிதந்தன.

புதிய கிடங்கு ஒன்றைத் தேடி வேறோர் ஊராட்சியின் கதவைத் தட்டுவதே இத்தகைய தருணங்களில் வழக்கம். ஆலப்புழை நகராட்சியோ குப்பை பிறக்கும் இடத்திலேயே அதனை முடித்துவிடுவது என்று தீர்மானித்தது. ‘தூய இல்லம், தூய நகரம்’ என்னும் பொருள்படும் ‘நிர்மல பவனம் நிர்மல நகரம்’ திட்டம் அவ்வாண்டே தொடங்கிற்று. பொருளியல் அறிஞரும் அப்போது அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினருமான தாமஸ் ஐசக் அதற்கு முன்னின்றார். இடவசதியுள்ள வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், இடம் குறைந்த வீடுகளுக்குக் குழாய் உரக் கலன்களும் மானிய விலையில் வழங்கப்பட்டன. இரண்டுக்கும் இடமில்லாதோர்க்கு, தெருமுனையில் பொது உரக்கூடங்கள் அமைக்கப்பட்டன.

இவ்வுரக்கூடத்தின் அமைப்பு எளிமையானது, எனினும் அறிந்துகொள்ளத்தக்கது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி ஆய்வு மையத்தில் உருவானதால் அவ்வூரின் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. ஏறத்தாழ நான்கடி நீளமும் அகலமும் உயரமும் கொண்ட, பக்கங்களில் காற்று புகும் இடைவெளியுள்ள ஒரு தொட்டி. அடியில் சாணம், அதன்மேல் உலர்ந்த இலைச் சருகு, அதன்மேல் சமையலறைக் கழிவு; மீண்டும் சாணம், சருகு, கழிவு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். காற்றுடன் வாழும் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கியதும் உள்ளே வெப்பம் 70 பாகை செல்சியசு வரை உயரும். அவ்வெப்பத்தில் ஈயின் முட்டையும் நோய்க்கிருமியும் பிழைப்பதில்லை. மூன்று மாதத்தில் உரம் கிடைக்கிறது. முறையாக அடுக்கினால் நாற்றமில்லை. கழிவுநீர் கசிவதும் இல்லை. முன்னர் எந்த முனையில் குப்பை வீசப்பட்டதோ அதே முனையில் வண்ணம் தீட்டிய கூடமொன்று நின்றதைக் கண்ட பின்னரே பலருக்கு நம்பிக்கை பிறந்தது. 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவு மேலாண்மையில் முன்மாதிரியாகத் திகழும் ஐந்து நகரங்களைக் குறிப்பிட்டபோது, ஒசாகா, பினாங்கு முதலியவற்றுடன் ஆலப்புழையின் பெயரும் அதில் இருந்தது.

அதே கேரளத்தில், ஆலப்புழையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுந்த பயணத் தொலைவில் உள்ள கொச்சி, பிரம்மபுரத்தில் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் குப்பையைக் குவித்துக்கொண்டே இருந்தது. 2023 மார்ச்சு 2 அன்று அக்கிடங்கு தீப்பற்றிற்று. பத்து நாள்களுக்கும் மேலாக நகரம் புகைக்குள் இருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வெளியில் செல்வோர் முகக்கவசம் அணியுமாறு அறிவுறுத்தப்பட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சி 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. அவ்வாணை பின்னர் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தொகையின் இறுதி முடிவு எவ்வாறாயினும், கொட்டிவிட்டு மறப்பது மலிவான வழி என்ற எண்ணத்துக்கு அந்தப் பத்து நாள்கள் விடைகூறிவிட்டன. தில்லியின் காசிப்பூர் கிடங்கில் 2017 செப்டம்பரில் குப்பைமலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்ததும் நம் நினைவில் இருக்கும்.

கொச்சியிலும் தில்லியிலும் எந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. இந்திய வீடுகளின் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சில ஊர்களில் அதற்கும் மேல், சமையலறையிலிருந்து வரும் ஈரக்கழிவு. அதனைத் தனியே எடுத்தால் உரம் அல்லது எரிவாயு. தாள், அட்டை, புட்டி, உலோகம் ஆகியவற்றைத் தனியே எடுத்தால் விலைபோகும் பண்டம். இரண்டையும் ஒரே பையில் இட்டுக் குலுக்கினாலோ தாள் நனைந்து கெடுகிறது, உரத்தில் கண்ணாடித் துண்டு கலக்கிறது, இரு சொத்துகளும் சேர்ந்து ஒரு பொறுப்பாகிவிடுகின்றன. ஐந்தொகைக் குறிப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இவ்வளவு விரைவாக இடம்மாறும் பொருள் வேறொன்று இருக்க முடியாது. மாற்றம் நிகழ்வதும் மாநகராட்சி அலுவலகத்தில் அன்று. நம் சமையலறைத் தொட்டியில், சில நொடிகளில்.

கலந்த குப்பையை எந்திரத்தால் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கைக்கு நம் நாடு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. தில்லி திமார்ப்பூரில் 1987ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை டென்மார்க்கு நாட்டுத் தொழில்நுட்பத்தில் நிறுவப்பட்டது. ஈரமும் மண்ணும் மிகுந்த நம் குப்பை எரியப் போதிய வெப்பத்தைத் தரவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஓடியபின் ஆலை நின்றது. பின்னர் 2000களின் தொடக்கத்தில் லக்னோவில் எழுந்த எரிவாயு-மின்சார ஆலையும் கலப்பற்ற ஈரக்கழிவு கிடைக்காமையால் மூடப்பட்டது. திட்ட அறிக்கையைப் படித்துக் கடன் வழங்கும் தொழிலில் உள்ள நமக்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் பழகியவை போலவே தோன்றுகின்றன. ஆலையின் திறன், எந்திரத்தின் விலை, விற்பனை மதிப்பீடு யாவும் அறிக்கையில் இருக்கும். மூலப்பொருள் எத்தரத்தில் வந்து சேரும் என்னும் ஒரு வரி விடுபட்டிருக்கும்.

அந்த ஒரு வரியை முதலில் எழுதிய நகரம் சத்தீசுகர் மாநிலத்தின் வடகோடியில் உள்ள அம்பிகாபூர். சர்குஜா மாவட்டத்தின் தலைநகர்; மக்கள்தொகை லட்சத்தைச் சற்றே தாண்டியது. பெரிய தொழிற்சாலைகளோ செல்வம் கொழிக்கும் மாநகராட்சியோ அங்கில்லை. 2015ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியராக இருந்த ரிது சைன், குப்பை சேகரிக்கும் பணியை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்க முனைந்தார். திட்டத்தின் முறையை வகுத்துப் பயிற்சியளித்தவர் நம் வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன். குப்பையை அப்புறப்படுத்த வேண்டிய கழிவாகக் கருதாமல், மீட்டெடுக்க வேண்டிய வளமாகக் கருதும் ‘திட, திரவ வள மேலாண்மை’ என்னும் முறையை வேலூர்ப் பகுதியில் செயற்படுத்திக் காட்டியவர் அவர்.

பச்சை, சிவப்பு என இரு நிறப் பெட்டிகள் பொருத்திய மிதிவண்டிகளுடன் பெண்கள் காலையில் வீடுவீடாகச் செல்கின்றனர். பிரித்துத் தராத வீட்டுக்காரரிடம் அவர்களே நின்று விளக்குகின்றனர். சேர்ந்த குப்பை நகரின் வெவ்வேறு பகுதிகளில் உள்ள சிறு மையங்களுக்குச் செல்கிறது. ஒரே பெருங்கிடங்காக இல்லாமல் பல சிறு மையங்களாக இருப்பதே இம்முறையின் உயிர்நாடி. மையத்தில் முதல் உரிமை கோழிக்கும் வாத்துக்கும் உரியது; அவை உண்டது போக எஞ்சிய ஈரக்கழிவே உரக்குழிக்குப் போகும். உலர் குப்பையைப் பெண்கள் மேசைமேல் பரப்பி நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கின்றனர். பால் உறை தனி, எண்ணெய் உறை தனி, புட்டியின் மூடி தனி, புட்டி தனி. கலந்த நெகிழிக்கு வணிகர் தரும் விலை வேறு, ஒரே வகையாகப் பிரித்துக் கழுவி உலர்த்திய நெகிழிக்குத் தரும் விலை வேறு. வகைகளின் எண்ணிக்கை கூடக்கூட வருவாயும் கூடுகிறது. பழைய தாள் வாங்கும் கடைக்காரர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த இவ்வுண்மையை ஒரு மாநகராட்சி ஏற்றுக்கொள்ள இத்தனை காலமாயிற்று.

பணியில் இறங்கிய பெண்கள் நானூறுக்கும் மேற்பட்டோர். வீடுகளும் கடைகளும் மாதந்தோறும் செலுத்தும் சிறு கட்டணமும், பிரித்த பண்டங்களின் விற்பனைத் தொகையும் சேர்ந்து அவர்களது ஊதியத்துக்கு அடிப்படையாயின. நகருக்குள் 16 ஏக்கரில் கிடந்த பழைய குப்பைக் கிடங்கு பூங்காவாயிற்று. 2019ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே இரண்டாம் இடம் அம்பிகாபூருக்குக் கிடைத்தது. அவ்வாண்டே, ஒரு கிலோ நெகிழிக் கழிவைக் கொண்டுவருவோர்க்கு ஒருவேளை உணவும், அரைக் கிலோவுக்குச் சிற்றுண்டியும் தரும் உணவகமொன்றை அங்குத் திறந்தனர். செய்தித்தாள்களில் இடம்பெற்றது அதுவே. நம் நோக்கில் உணவகத்தைவிட மாதக் கட்டண ரசீது பெரிய செய்தி. சத்தீசுகரின் ஏனைய நகரங்களுக்கும் இம்முறை விரிவடைந்தது. அங்கெல்லாம் இப்பெண்களை ‘ஸ்வச்சதா தீதி’, அதாவது தூய்மை அக்கா என்று அழைக்கின்றனர்.

இங்கு வங்கித்துறைக்கும் ஒரு பங்குண்டு என்பதை அடக்கத்துடன் குறிப்பிடலாம். 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி தொடங்கிய சுய உதவிக் குழு - வங்கி இணைப்புத் திட்டம், கையெழுத்திடத் தெரியாத பெண்களையும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புக் கணக்கு என்று பழக்கியது. மாதக் கட்டணத்தை வாங்கி, ரசீது கொடுத்து, அன்றாடம் எடைபோட்டுப் பதிந்து, விற்ற தொகையைக் கணக்கில் செலுத்தும் ஓர் அமைப்பை வெறுந்தரையிலிருந்து எழுப்பியிருக்க முடியாது. குழு என்னும் அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. எனினும் இப்பெண்களின் மாத ஊதியம் பெரிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மழையிலும் வெயிலிலும் ஊரின் கழிவைக் கையால் தொட்டுப் பிரிக்கும் உழைப்புக்கு, ‘அக்கா’ என்னும் உறவுப்பெயர் ஊதியத்தில் எஞ்சிய பகுதியாகிவிடக் கூடாது.

சிறு நகரத்தில் நடந்தது பெருநகரத்தில் நடக்குமா என்னும் வினாவுக்கு விடையாக எல்லோரும் காட்டுவது மத்தியப் பிரதேசத்தின் இந்தூர். 2017 முதல் தூய்மைக் கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் முதலிடம் பெற்றுவந்த நகரம் அது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்விடத்தைச் சூரத்துடன் பகிர்ந்துகொண்டது. (1994இல் கொள்ளைநோய் அச்சத்தால் மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிய அதே சூரத்து!) தரவரிசைகளை நாம் சற்று எச்சரிக்கையுடனேயே படிப்போம், கடன் தரமதிப்பீட்டுக்கும் நிறுவனத்தின் மெய்நிலைக்கும் உள்ள இடைவெளி நமக்குத் தெரியாததன்று. ஆயினும் இந்தூரின் வரவு செலவில் கவனித்துப் படிக்க வேண்டிய பதிவுகள் சில உண்டு.

முதற்பதிவு தேவ்குராடியா கிடங்கு பற்றியது. அங்கு ஏறத்தாழ 13 லட்சம் டன் பழைய குப்பை மலையாகக் கிடந்தது. அதனைக் கிளறி, உலரவைத்து, சல்லடையில் சலித்து, மண், நெகிழி, கல், உலோகம் என்று பிரிக்கும் முறைக்கு உயிரி அகழ்தல் என்று பெயர். வெளியாரிடம் ஒப்பந்தம் விட்டிருந்தால் அறுபது கோடி ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். மாநகராட்சி எந்திரங்களை வாடகைக்கு எடுத்துத் தன் பணியாளர்களைக் கொண்டே 2018ஆம் ஆண்டில் அப்பணியைச் செய்தது; செலவு பத்துக் கோடிக்குள் அடங்கியது. மீட்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 100 ஏக்கர்.

இரண்டாம் பதிவு, அதே வளாகத்தில் எழுந்த உயிரி எரிவாயு ஆலை. 2022 பிப்ரவரி 19 அன்று பிரதமர் அதனைத் தொடங்கிவைத்தார். நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவை ஏற்று, ஏறத்தாழ 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் உரமும் தரும் திறனுடையது. தனியார் பங்கேற்புடன் அமைந்த இவ்வாலைக்காக மாநகராட்சி பணம் கொடுப்பதில்லை. ஆலை நடத்துவோரே ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி ரூபாய் மாநகராட்சிக்குச் செலுத்துமாறு ஒப்பந்தம் அமைந்துள்ளது. எரிவாயுவில் ஒரு பகுதி சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் நகரப் பேருந்துகளுக்குச் செல்கிறது. திமார்ப்பூரிலும் லக்னோவிலும் நிகழாதது இங்கு எவ்வாறு நிகழ்ந்தது? ஆலைக்கு அடிக்கல் நாட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுவாசலில் பிரித்து வாங்கும் பழக்கத்தை இந்தூர் நிலைநிறுத்திவிட்டது. தெருத் தொட்டிகள் அகற்றப்பட்டன. தனித்தனி அறைகள் கொண்ட வண்டிகள் பாட்டிசைத்தபடி வாசலுக்கு வந்தன. கலந்து கொடுத்தால் தண்டம் விதிக்கப்பட்டது. மூலப்பொருள் முதலில், எந்திரம் பின்னர்.

மூன்றாம் பதிவு நம் வாடிக்கையாளர்கள் பலருக்கு ஆர்வமூட்டக் கூடியது. 2023 பிப்ரவரியில் இந்தூர் மாநகராட்சி பொதுமக்களிடமிருந்து நேரடியாகப் பசுமைக் கடன் பத்திரங்கள் வாயிலாக நிதி திரட்டியது. ஆண்டு வட்டி 8.25 விழுக்காடு, திரட்டிய தொகை 244 கோடி ரூபாய், வந்த விண்ணப்பங்கள் தொடக்க வெளியீட்டுத் தொகையான 122 கோடியைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. பத்திரங்கள் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. இந்நிதி குப்பைக்கானதன்று, நர்மதை நீரை இறைத்து நகருக்குக் கொண்டுவர ஆகும் மின்கட்டணத்தைக் குறைக்க, சலூதில் 60 மெகாவாட்டு சூரிய மின்னாலை அமைப்பதற்கானது. இருப்பினும் ஒரு மாநகராட்சியின் கையெழுத்தை நம்பித் தனிமனிதர்கள் தம் சேமிப்பைத் தந்தனர் என்றால், அந்நம்பிக்கையில் ஒரு பங்கையேனும் ஒவ்வொரு காலையும் தவறாமல் வாசலுக்கு வந்து நின்ற குப்பை வண்டி ஈட்டியிருக்கும் என்றே கருதுகிறோம். (இதனை முதலீட்டுப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டா. மாநகராட்சிப் பத்திரமாயினும் தரமதிப்பீட்டையும் வெளியீட்டு ஆவணத்தையும் படித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.)

இந்தூரின் வெற்றியில் விடுபட்ட கணக்கு ஒன்றும் உண்டு. வண்டிகளும் ஒப்பந்தங்களும் தெருவுக்கு வரும்போது, அதுவரை தெருக்களிலும் கிடங்குகளிலும் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் எங்கே போவது? நாட்டில் மறுசுழற்சிக்குச் செல்லும் தாளிலும் நெகிழியிலும் பெரும்பகுதி அவர்கள் தோள்மேல் தொங்கும் கோணிப்பை வழியாகவே சென்றுள்ளது. அவர்களுக்கு எந்த மாநகராட்சியும் ஊதியம் வழங்கியதில்லை. நகரத்தின் செலவை மிச்சப்படுத்தியவர்களில், குப்பைக் கிடங்கின் அண்டை வீட்டாருக்கு அடுத்தபடியாக, இவர்களையே வைத்து எண்ண வேண்டும்.

இதற்கு விடைதேடிய நகரம் புனே. அங்குக் குப்பை பொறுக்குவோர் 1993ஆம் ஆண்டிலேயே தொழிற்சங்கமாகத் திரண்டனர். மாநகராட்சியின் ஒப்புதலுடன் அடையாள அட்டை பெற்றனர். பின்னர் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பாகப் பதிவுசெய்து, 2008ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களே அமைப்பின் உரிமையாளர்கள். வீடுகள் தரும் மாதக் கட்டணம் அவர்களுடையது. பிரித்த உலர் குப்பையை விற்கும் உரிமையும் அவர்களுடையது. மாநகராட்சி கையுறை, வண்டி, பிரிக்கும் இடம் முதலிய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் காலத்திலும், பெரிய ஒப்பந்ததாரர்களிடம் பணியை மாற்றிவிடலாமா என்ற பேச்சு எழுவதும், இப்பெண்கள் ஊர்வலம் செல்வதும் அந்நகரத்து அரசியலின் பகுதியாகிவிட்டன. எந்திர வண்டியின் வருகையால் அவர்கள் வேலை போய்விடுமாயின், தூய்மையான அத்தெருவின் செலவு மீண்டும் மிக எளியவர்கள் கணக்கில்தான் ஏறும்.

இவ்வளவும் மாநகராட்சிகளைப் பற்றியது. வாசகர்கள் பக்கம் வருவோம். 2000ஆம் ஆண்டிலேயே நகர்ப்புறக் குப்பைக்கு விதிகள் வந்தன. அல்மித்ரா பட்டேல் என்னும் பொறியாளர் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு அதற்கு வித்திட்டது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரித்துத் தருவதையும் கட்டணம் செலுத்துவதையும் வீட்டாரின் கடமையாக்கின. ஈரக்கழிவு, உலர் கழிவு, பழைய மின்கலம், மருந்து, பூச்சுமை போன்ற வீட்டுத் தீங்குக் கழிவு என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. அடுக்ககங்களும் விடுதிகளும் ஈரக்கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன.

கட்டணத்தைப் பற்றியே முணுமுணுப்பு மிகுதி. வரி கட்டுகிறோமே, குப்பைக்குத் தனியே ஏன் தர வேண்டும் என்று கேட்போர் எங்கும் உளர். கேரளத்தில் வீடுவீடாக வந்து உலர் குப்பையைப் பெற்றுச்செல்லும் ‘ஹரித கர்ம சேனை’ மகளிர்க்கு வீடொன்றுக்கு மாதம் 50 ரூபாய் தருவதற்கும் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. 50 ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு மாதத்துத் தேநீர்ச் செலவில் சிறுபகுதி. ஆனால் கேள்வி நியாயமற்றதென்று தள்ளிவிடவும் இயலாது. பணம் எங்கே போகிறது என்பது தெரிந்தால் தருவதற்குத் தடையிராது. அம்பிகாபூரிலும் புனேயிலும் கட்டணம் தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே வாசற்படி மட்டுமே உள்ளது. அக்கா இன்று வரவில்லை என்றால் நாளை கேட்டுவிடலாம். சொத்துவரியுடன் சேர்த்து எங்கோ செலுத்தப்படும் தொகைக்கு அத்தகைய கேள்விமுறை இல்லை. உங்கள் ஊரில் கட்டணம் வசூலிக்கப்படுமாயின், அது தனிக்கணக்கில் வைக்கப்படுகிறதா, பணியாளர்க்கு எவ்வளவு போகிறது என்று வார்டு கூட்டத்தில் கேட்பது உங்கள் உரிமை. வங்கிக் கணக்கில் ஒவ்வொரு ரூபாயின் வரவையும் சரிபார்க்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இவ்வினா இயல்பாகவே வரும்.

அடுக்ககங்களில் குடியிருப்போர்க்கு ஒரு செய்தி. உரத்தொட்டி வைப்பதற்கு இடமில்லை என்று சங்கக் கூட்டங்களில் கூறப்படுவது வழக்கம். மேலே விவரித்த தும்பூர்முழித் தொட்டிக்கு வேண்டிய இடம் ஒரு மகிழுந்து நிறுத்துமிடத்தில் ஒரு மூலை. தட்டுப்பாடு உண்மையில் சருகுக்குத்தான். தோட்டத்தைப் பெருக்கி எரித்துவிடும் வழக்கத்தை நிறுத்தினால் அதுவும் கிடைத்துவிடும்.

பிரித்த பின்னும் எந்தத் தொட்டிக்கும் பொருந்தாத கழிவு ஒன்று எஞ்சுகிறது. குழந்தைகளின் அணையாடையும் மாதவிடாய் அணையாடையும் உரமாவதில்லை, விலைபோவதும் இல்லை. அவற்றை வெறுங்கையால் பிரித்தெடுப்பவர் குப்பை மகளிரே. 2013ஆம் ஆண்டில் புனே ‘ஸ்வச்’ பெண்கள் பயன்படுத்தி எறியப்பட்ட அணையாடைகளைச் சாக்கில் கட்டி, அவற்றை உற்பத்தி செய்யும் பெருநிறுவனங்களின் அலுவலகங்களுக்கே அனுப்பிவைத்தனர். விற்ற பின் பொருளுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எண்ணியவர்களின் மேசைமேல் அக்கணக்கு வைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு விதிகள், இத்தகைய பொருள்களைச் சுற்றி அப்புறப்படுத்துவதற்கான உறையையும் உற்பத்தியாளர் சேர்த்தே வழங்க வேண்டும் என்று கூறின. அடுத்தமுறை கடையில் வாங்கும் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவ்வுறை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, ஒரு சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுங்கள். வாங்குபவருக்கு உள்ளே இருப்பது இன்னதென்று தெரியும்.